தேங்காய் பர்பியில் விரித்த மேட்

மே மாதம் 12 வயது முடிந்த என் மகளுக்காக வீட்டிலேயே ஒரு கிரிக்கெட் கேக் செய்தேன். கேக் தீர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. டர்ன்டேபிளையும் நாசில்களையும் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் பிறந்த நாளுக்கு முந்தின சாயங்காலம், முக்கால்வாசி முடிந்திருந்த கேக்கைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட ஒரு கேள்வி மட்டும் இன்னும் எனக்குள் இறங்காமல் நிற்கிறது. எழுதிப் பார்த்தால் இறங்குமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

"என்ன கேக் வேணும்?" என்று ஏப்ரலிலேயே கேட்டிருந்தேன். "கிரிக்கெட் கேக்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு படம் மனதில் வந்துவிட்டது. பச்சைப் பசேலென்று வட்ட மைதானம், நடுவில் பழுப்பு நிறப் பிட்ச், அதில் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பொம்மை. நாம் எல்லோரும் பிறந்த நாள் வீடுகளில் பார்த்த படம்தான். ஒரு சனிக்கிழமை பாரிமுனைக்குப் போய், கேக் சாமான் விற்கும் கடை ஒன்றில் அந்த பொம்மை செட்டையும் வாங்கி வந்தேன். பேட் பிடித்த இரண்டு பையன்கள், ஒரு கோப்பை, மூன்று ஸ்டம்ப், ஒரு பந்து. பந்து போடுகிற பொம்மை இருக்கிறதா என்று அங்கே நான் கேட்கவே இல்லை. என் மகள் பந்து வீசுகிறவள். லெக் ஸ்பின். ஒன்றரை வருடமாகத் தினமும் அவளை ஸ்கூட்டரில் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுகிறவள் நான்தான். அப்படியும் கடையில் நின்றபோது அது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பந்து வடிவத்தில் செய்யலாமா என்றும் யோசித்தேன். அடி குழிந்த பாத்திரத்தில் கேக்கை வேகவைத்துக் கவிழ்த்தால் அரைப் பந்து கிடைத்துவிடும். நடுவில் ஆறு வரிசைத் தையல், அதை வெள்ளை க்ரீமில் பொறுமையாகப் போட்டுவிடலாம். கையைக் கட்டியது சிவப்பு நிறம். க்ரீமில் நல்ல சிவப்பு வர வேண்டுமென்றால் ஜெல் கலரை நிறையக் கொட்ட வேண்டும், கொட்டினால் கசக்கும். குறைவாகப் போட்டால் ரோஸ் மில்க் நிறத்தோடு நின்றுவிடும். கலந்து ஒரு ராத்திரி வைத்தால் நிறம் ஏறும் என்பது உண்மைதான், ஆனாலும் குழந்தைகள் நாக்கெல்லாம் சிவந்து, வாயைக் கோணிக்கொண்டு தின்பதை நினைத்தால் மனம் வரவில்லை. மைதானம் என்றே முடிவு செய்தேன்.

நான் கணக்கு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். எதையும் அளந்து செய்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். 10 அங்குல வட்டக் கேக். மைதானத்தின் குறுக்களவை 130 கஜம் என்று வைத்துக்கொண்டால் ஒரு அங்குலத்துக்கு 13 கஜம். பிட்ச் 22 கஜம், ஆக கேக்கில் 1.7 அங்குலம். அகலம் 10 அடி, அது கால் அங்குலம். ஒரு தீக்குச்சியைக் கொஞ்சம் அகலமாக்கிப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். ஸ்டம்பின் உயரம் 28 அங்குலம், இந்தக் கணக்கில் ஒன்றரை மில்லிமீட்டர். கடுகு உயரம்கூட வரவில்லை. அன்று ராத்திரி அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைகளில் பார்க்கிற மைதானக் கேக்குகளிலெல்லாம் பிட்ச் பாதி கேக்கை அடைத்துக்கொண்டிருப்பது ஏன் என்று புரிந்தது. அளவாகச் செய்தால் ஆட்டம் நடக்கிற இடமே கண்ணுக்குத் தெரியாது. முப்பது கஜ வட்டம் என்று சொல்கிறோமே, அது வட்டமே இல்லை, இரண்டு முனை ஸ்டம்பிலிருந்தும் இரண்டு அரை வட்டம் போட்டு நேர்க்கோட்டால் இணைத்தது. அதையாவது சரியாகப் போடுவோம், பிட்சைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்வோம் என்று சமாதானம் செய்துகொண்டு வரைபடத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

கத்திரி வெயிலில் க்ரீம்

மே மாதத்தில் பிறந்த பிள்ளைக்குச் சென்னையில் கேக் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது தெரியும். வெண்ணெய் 32, 33 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். எங்கள் சமையலறை மத்தியானத்தில் அதைவிடச் சூடு. இரண்டு வருடத்துக்கு முன் பட்டர்க்ரீமில் ரோஜாப்பூ போட்டேன், மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் இதழெல்லாம் படுத்துவிட்டது. ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைத் தேய்த்துப் போர்த்தினால் நிற்கும், ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்து வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் கடற்காற்றுக்கு வியர்த்து வழியும். அதனால் இந்த முறை தாவரக் கொழுப்பில் செய்கிற விப்பிங் க்ரீம்தான். ருசியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்கும். முதல் நாள் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாள் ஊற்றும்போது லேசாக ஐஸ் துகள் தட்டுப்பட வேண்டும். அந்தப் பதத்தில், ஐஸ் கட்டி போட்ட பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து அடித்தால் சட்டென்று எழும்பும். முழுக்க உருகினதை அடித்தால் எவ்வளவு நேரமானாலும் தளதளவென்றே இருக்கும்.

கேக்குக்கு மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடை. 300 கிராம் வீதம். ஸ்பான்ஜை விட இது கனம், மேலே எதை ஏற்றினாலும் அமுங்காது. 170 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிஜியில் இருந்தது. நடுவில் மேடு தட்டியிருந்ததைக் கத்தியால் சீவப் போனேன். பிறந்த நாளுக்காகப் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அம்மா தடுத்தார். தையல் நூலை இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பிடித்து, ஒரே இழுப்பில் மேட்டை மட்டும் தனியாக எடுத்துவிட்டார். வேகவைத்த முட்டையை நூலால் அறுப்பாரே, அதே கை. மேற்பரப்பு மேஜை மாதிரி வந்தது.

புல்லுக்கு 233 என்று எண் போட்ட நாசில். வாயில் நிறையச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அழுத்தி, மேலே வெடுக்கென்று இழுத்து, விட வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு கொத்துப் புல். பச்சை ஜெல்லை அப்படியே போட்டால் பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கும், ஒரு சொட்டு எலுமிச்சை மஞ்சளும் ஊசிமுனையளவு பழுப்பும் கலந்தால்தான் புல்லாகத் தெரியும். ஏ.சி. போட்ட அறையில் உட்கார்ந்து, பையை நிமிடத்துக்கு ஒரு தரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, இரண்டு மணி நேரம் புல் நட்டேன். நடுவில் மேரி பிஸ்கட்டைப் பொடித்துத் தூவி பிட்ச். அதன் இரண்டு முனையிலும் பொம்மைகளை நிறுத்திப் பார்த்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தது. கைபேசியில் நாலு கோணத்தில் படமும் எடுத்தேன்.

"இது எந்த கிரவுண்டும்மா?"

ஆறு மணிக்கு மகள் பயிற்சி முடிந்து வந்தாள். அன்று அவள் அப்பா அழைத்து வந்தார். தோளில் கிட் பேக்கோடு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கேக் இருந்த அறைக்கு ஓடி வந்தாள். டர்ன்டேபிளை மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். "சூப்பரா இருக்கும்மா. புல்லெல்லாம் நீயே போட்டியா?" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது எந்த கிரவுண்டும்மா?" என்று கேட்டாள்.

"சேப்பாக்கம்" என்றேன். அதுவரை நான் அது எந்த மைதானம் என்று நினைத்ததே இல்லை. கேட்டதும் வாயில் வந்தது அதுதான்.

"ஓ. நான் அங்க ஆடினதே இல்லையேம்மா."

குறையாகச் சொல்லவில்லை. முகம் சுருங்கவில்லை. இந்த பஸ் நம்ம ஏரியாவுக்குப் போகாது என்று சொல்வது மாதிரி ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு, பேக்கை வைக்க உள்ளே போய்விட்டாள். நான் பைப்பிங் பையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். நாசில் முனையிலிருந்து பச்சை சொட்டிக்கொண்டிருந்தது.

சேப்பாக்கம் எனக்கு ஏன் வந்தது என்று தெரியும். 2024 ஜூன் கடைசியில் அங்கே இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட் ஆடியது. ஞாயிற்றுக்கிழமை, வேளச்சேரியில் ரயில் ஏறி, சேப்பாக்கத்தில் இறங்கி, இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் ஆட்டம். அதற்கு முன்பே இந்தியா 6 விக்கெட்டுக்கு 603 அடித்து டிக்ளேர் செய்திருந்தது, பெண்கள் டெஸ்டில் அதுவரை எந்த அணியும் எடுக்காத மொத்தம். ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149. இன்றைக்கும் அந்த எண்கள் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். மகளிடம் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் 603 பற்றிச் சொல்லவே மாட்டாள். "ஸ்நேஹ் ராணா 8 விக்கெட்" என்றுதான் தொடங்குவாள். 77 ரன் கொடுத்து 8. அன்று காலை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தென்னாப்பிரிக்கா 266க்குச் சுருண்டது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பந்து திரும்புவது தெரியவில்லை என்று, நிழலாக இருந்த இடத்தை விட்டுவிட்டு என்னை வெயிலில் இழுத்துக்கொண்டு பந்து வீசுகிற கைக்கு நேர் பின்னால் போக முடிகிற இடமாகத் தேடினாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் பயிற்சியில் சேர்த்தோம். நான் அவளை அங்கே அழைத்துப் போனேன் என்பதை நான் மறக்கவே இல்லை. அவள் அங்கே எதைப் பார்த்தாள் என்பதைத்தான் மறந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அந்த நிமிடத்தில் உறைத்தது. அவள் தினமும் ஆடுகிற கிரவுண்டு எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. கேட்டில் இறக்கிவிடுவேன். திரும்பக் கூட்டிக்கொள்ளக் கேட்டில் நிற்பேன். ஸ்கூட்டர் ரோட்டைப் பார்த்து நிற்கும், நானும் ரோட்டைப் பார்த்து நிற்பேன். ஒன்றரை வருடத்தில் கேட்டுக்குள் நான் போனது மொத்தம் இரண்டு தடவை, இரண்டும் பணம் கட்ட.

பையை வைத்துவிட்டு அவள் அறைக்குப் போனேன். "பாப்பா, உன் கிரவுண்டு எப்படி இருக்கும், சொல்லு" என்றேன். "எதுக்கு?" என்றாள். "கேக்குக்கு" என்றேன். "அதான் முடிச்சிட்டியேம்மா!" என்று பதறினாள். முடியவில்லை என்றேன்.

அரை மணி நேரம் சொன்னாள். புல் கிடையாதாம். ஓரத்தில் மதிலை ஒட்டித் திட்டுத் திட்டாக இருக்குமாம், மற்றதெல்லாம் செம்மண். மிட் விக்கெட்டில் ஒரு வேப்ப மரம், அதில் பட்டால் இரண்டு ரன். பிட்ச் என்று தனியாக இல்லை, கெட்டித் தரை மேல் தென்னை நார் மேட் விரிப்பார்கள். காலையில் முதலில் வருகிறவர்களின் வேலை அது. சுருட்டி வைத்த மேட்டை நாலு பேர் உருட்டி வந்து, விரித்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, ஓரமெல்லாம் பெரிய ஆணி அடிக்க வேண்டும். "இழுக்கறதுதாம்மா முக்கியம். கீழ ஒரு மடிப்பு இருந்தாக்கூட பால் எகிறும், இல்லனா அப்படியே தரையோட போகும்." மேட் 8 அடி அகலம் என்றாள், கால் வைத்து அளந்திருக்கிறாளாம். விதியில் மேட் மாதிரியான பிட்சுக்குக் குறைந்தது 6 அடி அகலம் போதும். மேட்டில் பந்து நன்றாக எழும்பும், நன்றாகத் திரும்பும், ஸ்பின்னருக்கு அது நல்லது என்றும் சொன்னாள்.

"மேட்டுன்னா மட்டம் இல்லம்மா. முன்னாடி டெஸ்ட் மேட்சே மேட்ல ஆடிருக்காங்க, எங்க சார் சொன்னார்." சார் சொன்ன கதையை முழுக்கச் சொன்னாள். 1956 அக்டோபர், கராச்சி. மேட் விரித்த பிட்ச். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பாகிஸ்தானின் ஃபசல் மெஹ்மூத் அந்த ஒரே டெஸ்டில் 13 விக்கெட். முதல் நாள் முழுக்க இரண்டு அணியும் சேர்ந்து அடித்தது 95 ரன். ஆஸ்திரேலியா 80க்கு ஆல் அவுட். சொல்லும்போது அந்த 13 விக்கெட்டும் இவளே எடுத்த மாதிரி கண் விரிந்தது. நான் சமையலறைக்கு வந்து ஸ்பேச்சுலாவை எடுத்தேன்.

ஏழு மணிக்கு மேல்

புல்லை வழித்தெடுத்தேன். இரண்டு மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் ஒரு கிண்ணத்துக்குள் போனது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எதையும் எறியவில்லை. பச்சை க்ரீமில் கோகோ பவுடர் கலந்ததும் காய்ந்த தரையின் நிறம் வந்துவிட்டது. அதைக் கேக் முழுக்கத் தடவி, பிட்சுக்காகப் பொடித்த மேரி பிஸ்கட்டில் கொஞ்சம் பீட்ரூட் பொடி கலந்து தூவினேன், செம்மண். ஓரத்தில் ஏழெட்டுக் கொத்துப் புல்லை மட்டும் மீதம் வைத்தேன். வேப்ப மரத்துக்கு வேப்பிலைக் கொத்தே ஒன்று பறித்து வந்தார் அம்மா. கசந்துவிடுமோ என்று அதைக் கேக்கில் குத்தாமல் போர்டில் குத்தி வைத்தோம்.

பெரிய கேள்வி மேட். ஃபாண்டன்டைப் பழுப்பாக்கி விரிக்கலாம் என்றேன். அம்மா, "தேங்கா நாரு மேட்டுன்னா தேங்காய்லயே செஞ்சா என்ன?" என்று கேட்டார். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றி நார் மில்கள், நார் காய்கிற களங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நிறம் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த கொப்பரையைத் துருவி, அடி கனமான வாணலியில் மிதமான தீயில் வறுத்தார். வெள்ளையிலிருந்து பொன்னிறம் வர நேரமாகும், பொன்னிறத்திலிருந்து கருக ஒரு நிமிடம் போதும். அதற்கு முன்பே இறக்கித் தட்டில் கொட்டிவிட்டார். பாதியை அப்படியே வைத்து, மீதியை இன்னும் கொஞ்சம் வறுத்தார். ஒரே நிறத்தில் நார் இருக்காது என்றார். வெல்லத்தைப் பாகு காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டிப் பார்த்தார். கமர்கட்டுப் பதத்துக்குப் போனால் கடிக்க முடியாது, அதற்கு முன்னால், விரலால் கூட்டினால் தளர்வாகத் திரண்டு வருகிற பதம். துருவலைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய பட்டர் பேப்பரில் போட்டு, மேலே இன்னொரு பேப்பர் வைத்து சப்பாத்திக் கட்டையால் தேய்த்தோம். பேப்பரை எடுத்துவிட்டு, மேலே இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து அழுத்தினார். பிரம்பால் பின்னிய தட்டு. எடுத்ததும் அதன் பின்னல் அப்படியே பர்பியில் பதிந்திருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "அம்முச்சி! இது எங்க மேட்டேதான்!"

அளவை இந்த முறை அவளோடு உட்கார்ந்து போட்டேன். முழு மைதானம் வேண்டாம், அவள் ஓடி வந்து பந்து போடுகிற முனை மட்டும். 10 அங்குலக் கேக்கில் 12 அடித் தரை. ஸ்டம்பின் 28 அங்குலம் இப்போது கிட்டத்தட்ட 2 அங்குலம் ஆனது, பல் குத்தும் குச்சியை நறுக்கினால் சரியாக வந்தது. ஸ்டம்பின் மேல் வைக்கிற பெய்ல்ஸுக்கு இரண்டு துண்டுச் சேமியா. 8 அடி மேட் 6.7 அங்குலம். மேட்டின் முன்பக்கத்தைக் கேக்கின் வளைவுக்குத் தக்கபடி அறுத்தேன். பந்து வீசுகிறவர் கால் முழுக்கத் தாண்டக் கூடாத கோடு பாப்பிங் க்ரீஸ், அது ஸ்டம்பிலிருந்து 4 அடி, அதாவது மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்று மேல். பந்து மிளகு அளவு. சிவப்பு ஃபாண்டன்டை அவளே உருட்டினாள்.

பர்பி இன்னும் இளஞ்சூட்டில் இருந்தது. கோடு வரப்போகும் இடத்தை நான் கத்தி முனையால் லேசாகக் கீறினேன். அவள் டப்பாவிலிருந்து ஒரு பாதாம் பருப்பை எடுத்து, "என் கால் எங்க விழும்னு காட்டட்டுமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் குனிந்து, கூர்முனை பின்னால் வரும்படி பாதாமைப் பிடித்து, கீறலின் மேல் வைத்து, எடுத்து, ஒரு அரிசியளவு பின்னால் நகர்த்தி, மறுபடி வைத்துப் பார்த்து, அழுத்தினாள். எடுத்தபோது ஒரு சின்னக் காலடி பதிந்திருந்தது. முன்பாதம் கோட்டைத் தாண்டியிருந்தது. குதிகால் மட்டும் கோட்டுக்குப் பின்னால்.

"குதிகாலாவது பின்னாடி இருக்கணும்மா. கோட்டு மேல மட்டும் இருந்தா போதாது. அது நோ பால்."

அவ்வளவு நேரம் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தியிருந்தாள். என்ன பாப்பா என்றேன். பாதாமைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள். போன மாதம் ஒரு மேட்ச். கடைசிக்கு முந்தின ஓவர் இவளுடையது. நன்றாக அடித்துக்கொண்டிருந்த பெண் இவள் பந்தைத் தூக்கி அடிக்க, மிட் ஆனில் பிடித்துவிட்டார்கள். எல்லோரும் இவளை நோக்கி ஓடி வருகிறார்கள். அம்பயர் நோ பால் என்று கை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அந்த கேட்ச் செல்லாது. குதிகால் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்ததாம். பின்னால் ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணே அடித்து அந்த மேட்ச்சை ஜெயித்துக் கொடுத்துவிட்டாளாம்.

அந்த மேட்ச் எனக்கு நினைவிருந்தது. கேட்டில் வண்டியில் ஏறியதும் "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "தோத்துட்டோம்" என்றாள். "சரி விடு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வழியில் மாவு வாங்க நிறுத்தினேன். அதற்குப் பிறகு அவள் மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, பந்தே இல்லாமல் ஓடி வந்து கால் வைத்துக் கால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா அடுப்பைத் துடைப்பதை நிறுத்திவிட்டு வந்து அவள் தலையைத் தடவினார். "இப்ப சரியா விழுகுதா கண்ணு?" என்று கேட்டார். "பத்துக்கு ஒன்பது விழுது அம்முச்சி" என்றாள்.

பர்பியை ராத்திரியே கேக்கின் மேல் வைக்கத்தான் நினைத்திருந்தேன். வெல்லம் ஈரம் இழுக்கும், ஃப்ரிட்ஜுக்குள் க்ரீமோடு சேர்ந்து இருந்தால் விடிவதற்குள் கசிந்து கறையாகிவிடும் என்று அம்மா சொன்னதால், மேட்டைத் தட்டில் வைத்து மூடிவிட்டுப் படுத்தோம். காலையில் ஐந்தரைக்கு என்னை எழுப்பியது மகள்தான். "மேட் விரிக்கணும்மா, வா." இருவரும் பட்டர் பேப்பரின் இரண்டு ஓரத்தைப் பிடித்து மேட்டை மெல்லக் கேக்கின் மேல் சரித்தோம். ஆணிக்குக் கிராம்பு. அதுவும் அம்மாவின் யோசனைதான். தலையும் தண்டுமாகக் கிராம்பு ஆணி மாதிரியே இருக்கும் என்பது இத்தனை வருடம் அஞ்சறைப்பெட்டி திறந்த எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. ஓரத்துக்கு ஆறு ஆறாக அவளே குத்தினாள், வெட்டும்போது எண்ணி எடுத்துவிட வேண்டும் என்று பன்னிரண்டை இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். வெள்ளைக் கோட்டையும் அவள் கையிலேயே கொடுத்தேன். காலடி இருந்த இடம் வந்ததும் கையைத் தூக்கி, அந்த இடத்தை விட்டுவிட்டு, மறுபுறம் தொடர்ந்தாள். "கால் விழுற இடத்துல சுண்ணாம்பு அழிஞ்சுதாம்மா இருக்கும்."

அந்தப் பக்கம்

சாயங்காலம் கிரவுண்டிலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். வாசலில் ஒரே ஷூ. கேக்கைத் திறந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தி வேப்பிலையைக் காட்டி, "ஏய், நம்ம மரம்!" என்றாள். இன்னொருத்தி கிராம்பை எண்ண ஆரம்பித்துவிட்டாள். தினமும் மேட் இழுக்கிற கைகள் அவை. இதைப் பார்த்து அவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மட்டும், "பேட்ஸ்மேன் எங்க ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"அந்தப் பக்கம் நிக்கறா" என்றாள் மகள். எந்தப் பக்கம் என்று அவன் விடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் அந்தக் கணக்கு ஓடியது. ஒரு அங்குலத்துக்கு 1.2 அடி. ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு 66 அடி. "55 அங்குலம்" என்றேன். தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து வந்தார்கள். ஒருத்தி டேப்பின் முனையைக் கேக்கின் ஸ்டம்பில் பிடிக்க, இன்னொருத்தி இழுத்துக்கொண்டே போனாள். மேஜை முடிந்தது, இடைவெளியைத் தாண்டியது, டிவி ஸ்டாண்டின் ஓரத்தில் 55 வந்து நின்றது. பாரிமுனையில் வாங்கிய பொம்மைகளில் ஒன்றைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள். ஏழு பேரும் கேக்கின் பின்னால் வந்து, கன்னம் மேஜையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஸ்டம்புக்கு மேலாக அந்தப் பொம்மையைப் பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். செம்மண், மேட், கோடு, அதற்கப்பால் வெகு தூரத்தில் மட்டையோடு ஒரு சின்ன உருவம். ஸ்டம்புகளே பெரிதாக, மிகப் பெரிதாகத் தெரிந்தன.

கேக் வெட்டும்போது கிராம்பு பன்னிரண்டும் எண்ணி எடுத்தோம். பர்பி முதலில் தீர்ந்தது. காலடி பதிந்த துண்டை மட்டும் அவள் தனியாக அறுத்து, கிண்ணத்தில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் கிட் பேக்கை மாட்டிக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே அதைத் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். கேட்டில் இறக்கிவிட்டு நானும் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய் வேப்ப மரத்தடியில் நிறுத்தினேன். நாலு பெண்கள் மேட்டை உருட்டி வந்துகொண்டிருந்தார்கள்.